அறிவியல் புனைகதைத் தொடர் ஐந்தாம் வாரத்தில் தொய்வது ஏன்?

கம்பம் பள்ளத்தாக்கின் பாசனத்தை ஓர் இயந்திரம் நிர்வகிக்கும் எதிர்காலத்தைத் தொடர்கதையாக எழுதிவரும் நீங்கள், ஐந்தாம் வாரத்திலேயே கதை தொய்வது ஏன் எனக் கேட்கிறீர்கள். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையிலிருந்து இயந்திரத்தின் உள்ளமைப்புவரை அனைத்தையும் தொடக்கத்திலேயே விளக்கிவிட்டதுதான் காரணம். எங்கள் ஊர்க் கதை என்பதால் ஆவலோடு சொல்கிறேன்: மதகு திறக்காத ஒரு காலையில், நாற்று வாடுவதைக் கண்ட கூடலூர் விவசாயி அந்த இயந்திரத்திடம் முதன்முறையாகப் பொய் சொல்லட்டும், அதன் விதிகளும் அவருடைய குணமும் ஒரே காட்சியில் வெளிப்பட்டுவிடும். ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்னும் இயந்திர நாய் படிப்படியாகத்தான் மனத்தில் இடம்பிடிக்கிறது. வார இறுதித் திருப்பம் விபத்தால் அன்றி, பாத்திரம் எடுக்கும் முடிவால் நேரட்டும். அதன் விளைவு பல வாரங்கள் அவரைத் துரத்தட்டும்.