பேன்ட் சட்டையில் போய் மேக்கப் வாங்குவது: கேளுங்கள், சொல்கிறேன்

தி.நகரில் ஒரு அழகுசாதனக் கடையின் கவுன்ட்டரில் ஒன்பது வருடம் நின்றவள் நான். இப்போது கல்யாண மேக்கப் செய்கிறேன். ஆண் உடையில் கடைக்குப் போய்த் தனக்கென்று வாங்கத் தயங்குகிறவர்கள் கேட்கலாம்.

கேள்வி: அக்கா, கடைக்குள் நுழைந்ததுமே கை வியர்த்துவிடுகிறது. விற்கிற பெண்கள் என்ன நினைப்பார்கள்?

பதில்: தம்பியா தங்கையா என்று தெரியாததால் எல்லோருக்கும் 'நீங்கள்' என்றே எழுதுகிறேன். காலையிலிருந்து நின்று நின்று கால் வலிக்கும், மாத டார்கெட்டில் பாதிகூட முடிந்திருக்காது. அந்த நிலையில் ஒருவர் உள்ளே வந்தால் முதலில் தோன்றுவது 'இவர் வாங்குவாரா' என்பதுதான். கவுன்ட்டருக்கு ஆண்கள் வருவது புதிதும் அல்ல. மேக்கப் ஆர்ட்டிஸ்டுகளில் எத்தனையோ பேர் ஆண்கள், பரதம் ஆடுகிறவர்கள் வருவார்கள், கூத்துக் கட்டுகிறவர்கள் வருவார்கள், மனைவி அனுப்பிய போட்டோவைக் காட்டிக்கொண்டு கணவர்களும் வருவார்கள்.

எங்கள் கண்ணை உறுத்துவது வேறு. ஒரே அலமாரியை ஐந்து முறை சுற்றுவது, எடுத்துப் பார்ப்பது, ஆள் வந்தால் சட்டென்று வைத்துவிட்டு நகர்வது. அப்படிச் செய்தால் திருட வந்தவரோ என்று பின்னாலேயே ஆளை அனுப்புவார்கள், உங்கள் பயம் இரண்டு மடங்காகும். நேராக வந்து பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வார நாளில் முற்பகல் வாருங்கள், சனிக்கிழமை சாயங்காலம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: மழித்த பிறகும் தாடி நிழல் தெரிகிறது. எவ்வளவு ஃபவுண்டேஷன் போட்டாலும் சாம்பல் அடிக்கிறது.

பதில்: தோலுக்குள் இருக்கும் முடி நீலச் சாம்பலாகத் தெரிகிறது. நீலத்தை அடக்குவது ஆரஞ்சு. வெளிர் நிறத்துக்குப் பீச், மாநிறத்துக்கு ஆரஞ்சு, கறுப்புக்குச் சிவப்பு கலந்த ஆரஞ்சு கரெக்டர் (ஃபவுண்டேஷனுக்கு முன் போடும், நிறத்தைச் சரிசெய்யும் கிரீம்). மழித்து எரிச்சல் அடங்கிய பிறகு, நிழல் தெரிகிற இடத்தில் மட்டும் மெல்லிசாகத் தட்டித் தட்டி வையுங்கள், தேய்க்காதீர்கள். அதன்மேல் உங்கள் நிறத்துக்கான ஃபவுண்டேஷன், அப்புறம் பவுடர். நீங்கள் ஃபவுண்டேஷனையே கனமாக்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள், அதனால்தான் சாம்பல்.

கேள்வி: ஷேடு எப்படிப் பார்ப்பது? கொஞ்சம் சிவப்பாகத் தெரிய வேண்டும்.

பதில்: தாடை ஓரத்தில் தடவி, கால் மணி நேரம் விட்டு, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு ஷேடு ஏற்றி வாங்காதீர்கள், கழுத்து காட்டிக்கொடுத்துவிடும். தயாரித்தவர் முகவரியும் பேட்ச் எண்ணும் இல்லாத சிவப்பழகு கிரீம் பக்கம் போகவே போகாதீர்கள். அந்த மாதிரி டப்பாக்களில் பாதரசம் பிடிபட்டிருக்கிறது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கேள்வி: நான் எப்போதும் "தங்கச்சிக்கு" என்று சொல்லித்தான் வாங்குவேன்.

பதில்: அப்படிச் சொன்னால் கடைக்காரப் பெண் இல்லாத தங்கச்சியின் நிறத்துக்குத் தேடுவாள், கடையில் போட்டுப் பார்க்க வைத்திருக்கும் டெஸ்டரை உங்கள் முகத்தில் தொட்டுக் காட்ட மாட்டாள். "எனக்குத்தான்" என்று ஒருவர் சொன்னால் என் வேலை பாதியாகக் குறையும்.

கேள்வி: நாடகத்துக்கு என்று சொன்னால்?

பதில்: மேடை வெளிச்சத்துக்கான கனமான பேன்கேக் மேக்கப்பை எடுத்துக் கொடுப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு பகலில் நடமாட முடியாது.

கேள்வி: அக்கா, நீங்கள் சென்னையில் இருந்து பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் இருப்பது ஒரே ஃபேன்சி ஸ்டோர். கடைக்காரர் அப்பாவோடு டீ குடிக்கிறவர். "எனக்குத்தான்" என்று சொன்னால் நான் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்விடும்.

பதில்: நியாயம். பெரிய ஊர்ப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். உங்கள் ஊர்க் கடையில் வாங்கவே வேண்டாம், பஸ் ஏறி அடுத்த டவுனுக்குப் போங்கள். அங்கேயும் யாருக்கு என்று நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை. "இந்த நிறத்துக்கு" என்று உங்கள் கையைக் காட்டினாலே போதும்.

கேள்வி: நான் திருநங்கை. இருபது வருடம் ஒளித்து ஒளித்து வாங்கியவள். நாம் ஒளிந்தால் பின்னால் வருகிற பிள்ளையும் ஒளியத்தான் வேண்டும். பொய் சொல்லக் கற்றுக்கொடுக்காதீர்கள்.

பதில்: உங்கள் வலி புரிகிறது. ஒளிவதை விட்டு நிமிர்ந்து வாங்கிய உங்களைப் போன்றவர்களால்தான் இன்று பல கடைகளில் சகஜமாக இருக்கிறது. ஆனால் அப்பா வீட்டில் சாப்பிடுகிற பிள்ளையின் தலையில் அந்தச் சுமையை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. சொந்தச் சம்பளம் வந்த பிறகு சொல்லட்டும்.

கேள்வி: அவர் சொல்வதுதான் சரி. பயந்தால் கடைசிவரை பயம்தான்.

பதில்: அடி வாங்கப்போவது நீங்களோ நானோ இல்லை. இதில் என் பதில் மாறாது.

கேள்வி: கடையில் தர மாட்டேன் என்றால்?

பதில்: 2019 திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு, பொதுமக்களுக்கு விற்கிற பொருளைத் திருநருக்கு மறுக்கக் கூடாது என்கிறது. மேனேஜரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவரும் மரியாதை இல்லாமல் பேசினால் உங்கள் காசு அந்தக் கடைக்கு வேண்டாம்.

கேள்வி: கடைக்காரர்கள் என்ன நினைப்பார்கள்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். இரண்டாவது ஆளாகக் கேட்கிறீர்கள்.

கேள்வி: முகமெல்லாம் பரு. எந்த ஃபவுண்டேஷன்?

பதில்: முதலில் தோல் மருத்துவர்.

கேள்வி: லிப்ஸ்டிக் டெஸ்டரை உதட்டில் போட்டுப் பார்த்தேன், நிறம் நன்றாக...

பதில்: ஐயோ, வேண்டாம்! முந்தி வைத்தவருக்கு உதட்டு அக்கி இருந்தால் உங்களுக்கும் ஒட்டலாம். விரல் நுனியில் தடவிப் பாருங்கள், அதன் நிறம் உதட்டுக்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும்.

கேள்வி: அக்கா, கை வியர்க்கிறது என்று முதலில் கேட்டது நான்தான். நாளைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். வாயைத் திறந்து என்ன சொல்ல?

பதில்: "ஒரு ஆரஞ்சு கரெக்டர் வேண்டும், தாடையில் போட்டுக் காட்டுங்கள்." இவ்வளவுதான். காலையிலேயே மழித்துவிட்டு, பதினோரு மணிக்குப் போங்கள். கரெக்டர் மட்டும் வாங்குங்கள், ஃபவுண்டேஷன் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். டெஸ்டரை நேராக முகத்தில் வைக்க வந்தால், புதுப் பஞ்சில் எடுத்துப் போடச் சொல்லுங்கள்.