தங்கச்சி கல்யாணத்துக்குள் மூக்கை நிமிர்த்தலாமா?

கேள்வி:

வணக்கம் மேடம்,

எனக்கு 26 வயது. சொந்த ஊர் மேலச்செவல் பக்கம். வண்ணார்பேட்டையில் ஒரு மொபைல் கடையில் சர்வீஸ் பிரிவில் இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கையில் கபடி விளையாடும்போது எதிர் டீம் பையனின் முழங்கை மூக்கில் இடித்துவிட்டது. ரத்தம் நின்றதும் வீட்டில் ஏதோ பத்துப் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வீக்கம் வடிந்து பார்த்தால் மூக்குத்தண்டு நடுவில் வலப்பக்கமாக வளைந்திருந்தது. அத்தோடு பள்ளிக்கூடத்தில் பட்டப்பேரும் விழுந்தாச்சு, கோணமூக்கன். பழைய கூட்டாளிகள் இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கேலிக்காக இல்லை, பழக்கதோஷம். நானும் சிரித்துக்கொள்வேன்.

உள்ளுக்குள் சிரிப்பு இல்லை மேடம். பைக் கண்ணாடி, ஜவுளிக்கடைக் கண்ணாடி, கஸ்டமர் ரிப்பேருக்குக் கொண்டுவரும் அணைந்த போன் திரை, எதில் முகம் தெரிந்தாலும் கண் முதலில் மூக்குக்குத்தான் போகிறது. ராத்திரி படுத்தபிறகு செல்பி எடுத்து, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். கண்ணாடியில் பரவாயில்லை என்று தோன்றுவது போட்டோவில் படுமோசமாக இருக்கிறது. ஆனித் தேரோட்டத்துக்கு நண்பர்களோடு டவுனுக்குப் போனபோது தேருக்கு முன்னால் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எடுத்தது நான். எப்போதுமே எடுப்பது நான்தான். போன வருஷம் முதலாளி முன்கவுண்டருக்கு வரச் சொன்னார், சம்பளம் மூவாயிரம் கூட. சர்வீஸ் வேலைதான் பிடிக்கும் என்று தட்டிக்கழித்துவிட்டேன்.

இப்போது தங்கச்சிக்கு ஆவணிக் கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைத்து வர வேண்டியது நான். வீடியோவில் என் முகம் பக்கவாட்டில் எப்படித் தெரியும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் விசாரித்தேன். பத்து நிமிஷம் பார்த்தார்கள். கம்ப்யூட்டரில் என் போட்டோவை வைத்து மூக்கை நேராக்கிக் காட்டினார்கள். ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஆகுமாம். ஆடி முடிவதற்குள் முன்பணம் கட்டினால் இருபதாயிரம் குறைப்பார்களாம், மீதியைத் தவணையில் கட்டலாமாம். என் கையில் சீட்டுப் பணம் இருக்கிறது. ஆனால் அது கல்யாணச் செலவுக்கு என்று வைத்தது.

அம்மாவிடம் பேச்செடுத்தேன். "சவத்த விடுல, ஆம்பளப் பயலுக்கு எதுக்குல மூக்கழகு" என்று முடித்துவிட்டாள். வலது மூக்கு எப்போதும் அடைத்தே இருக்கும், அது பழகிப்போச்சு. இந்தக் கோணல்தான் பழகமாட்டேன் என்கிறது. ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? இல்லை, நான்தான் கோட்டி பிடித்து அலைகிறேனா?

பெயர் வேண்டாம், திருநெல்வேலி மாவட்டம்

பதில்:

தம்பி,

வலது மூக்கு எப்போதும் அடைத்திருக்கும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே கனமான வரி எனக்கு அதுதான். மதுரையில் பத்து நிமிஷம் பார்த்தவர்கள் அதைப் பற்றிக் கேட்டார்களா? மூக்குக்குள் சிறிய கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்களா? பார்த்திருந்தால், கம்ப்யூட்டர் படத்தை எழுதிய நீங்கள் அதையும் எழுதியிருப்பீர்கள்.

நல்ல மூக்கிலும் இரண்டு துளையும் ஒரே அளவு திறந்திருப்பதில்லை. சில மணி நேரம் ஒரு பக்கம் லேசாக அடைக்கும், பிறகு அது திறந்து மறுபக்கம் அடைக்கும். அது இயற்கை. வருஷக்கணக்கில் ஒரே பக்கம் அடைத்திருந்தால் அது வேறு. கபடியில் வாங்கிய அடியில் வெளித்தண்டு மட்டும் வளையாமல், உள்ளே இரு துளைகளையும் பிரிக்கிற குருத்தெலும்புத் தடுப்பும் விலகியிருக்கலாம். காலையில் வாய் வறண்டு எழுந்திருக்கிறீர்களா, மாடி ஏறினால் வாயால் மூச்சு வாங்குகிறீர்களா, குறட்டை விடுகிறீர்கள் என்று வீட்டில் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் காது மூக்கு தொண்டை மருத்துவர். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்கிவிடுங்கள்.

உள்தடுப்பை நேராக்குவது ஓர் அறுவை சிகிச்சை, செப்டோபிளாஸ்டி என்பார்கள். வெளி வடிவத்தை மாற்றுவது இன்னொன்று, ரைனோபிளாஸ்டி. முதலாவதை மட்டும் செய்தால் மூச்சு சீராகும், வெளிக்கோணல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வெளியே மட்டும் நிமிர்த்தினால், மூக்கு நேராகி மூச்சு இன்னும் மோசமாகிவிடவும் கூடும். உங்களைப் போல அடிபட்டு வளைந்த மூக்குக்கு இரண்டையும் சேர்த்துச் செய்வது மருத்துவர்களுக்குப் புதிதல்ல. காப்பீட்டுக் கணக்கும் இதில் மாறும். அழகுக்காக மட்டும் செய்வதற்குக் காப்பீடு பணம் தராது. மூச்சுத் தடைக்காகச் செய்வதற்கு, பாலிசி எடுத்து உரிய காத்திருப்புக் காலம் முடிந்திருந்தால், பொதுவாகக் கிடைக்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் வேண்டவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. எலும்பை வெட்டி நகர்த்தி வைத்தால் மூக்கின் மேல் ஏறக்குறைய ஒரு வாரம் அச்சு வைத்துக் கட்டியிருப்பார்கள். கண்ணைச் சுற்றிக் கன்றிப்போனது மாற இரண்டு வாரம் ஆகலாம். பெரிய வீக்கம் சில வாரங்களில் வடியும். மிச்ச வீக்கம் மெதுவாகத்தான் இறங்கும், மூக்கு நுனி கடைசியில். முழு வடிவம் தெரிய ஒரு வருஷம் வரைக்கும் ஆகும். ஆடியில் செய்துகொண்டு ஆவணியில் மாப்பிள்ளைக்கு மாலை போடப் போனால், இதுவரை மூக்கைக் கவனிக்காத சொந்தக்காரர்களும் "என்னடே ஆச்சு மூக்குக்கு" என்று பந்தி வரைக்கும் வந்து விசாரிப்பார்கள். நூறு பேர் ரைனோபிளாஸ்டி செய்துகொண்டால் ஐந்து முதல் பதினைந்து பேர் வரை மறுபடி ஒரு திருத்தம் செய்ய வேண்டிவரும் என்று துறை சார்ந்தவர்களே சொல்கிறார்கள். கம்ப்யூட்டரில் காட்டிய படம் ஓர் உத்தேசம். உத்தரவாதம் இல்லை. அப்புறம் அந்த ஆடித் தள்ளுபடி. வேட்டி சட்டைக்கு ஆடித் தள்ளுபடி சரி தம்பி. மூக்குக்குத் தேதி குறித்து அவசரப்படுத்துகிற இடத்தில் எனக்கு நம்பிக்கை வராது.

செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடிபட்டு வளைந்த மூக்கை நிமிர்த்திக்கொள்ள நினைப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆம்பளைக்கு எதற்கு என்கிற அம்மாவுக்கு ஒரு பழைய கதை சொல்லுங்கள். 1794ஆம் ஆண்டு லண்டனில் ஜென்டில்மேன்ஸ் மேகசின் என்ற பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கோவாஸ்ஜி என்பவரைத் திப்புவின் ஆட்கள் பிடித்து மூக்கை அறுத்துவிட்டார்கள். பிறகு புனேயில் உள்ளூர் வைத்தியர் ஒருவர் நெற்றித் தோலை இறக்கி அவருக்குப் புது மூக்கு வைத்துக் கொடுத்தார். மேல்நாட்டு மருத்துவர்கள் அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் இந்த வித்தையில் அக்கறை காட்டினார்கள். மூக்குக்காக அவ்வளவு வலியையும் பொறுத்துக்கொண்ட அந்த வண்டிக்காரரும் ஆம்பளைதான்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. கோட்டி எல்லாம் இல்லை. உங்கள் மூக்கு உண்மையிலேயே வளைந்திருக்கிறது, அடுத்தவர் கண்ணுக்கும் தெரிகிறது. பிறர் கண்ணுக்குத் தெரியாத, அல்லது தெரிந்தும் தெரியாத ஒரு சின்னக் குறையை நினைத்து நினைத்தே ஒருவரின் நாள் முழுதும் போகும் ஒரு நோய் உண்டு. 1891இல் என்ரிகோ மோர்செல்லி என்ற இத்தாலிய மருத்துவர் அதை விவரித்துப் பெயரும் வைத்தார். நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு இருக்கிறது, ஆண்களுக்கும் வரும். அவர்களுக்குக் கத்தி வைத்தால் பெரும்பாலும் நிம்மதி கிடைப்பதில்லை. மூக்கு போனால் தாடை, தாடை போனால் தலைமுடி என்று கவலை இடம் மாறும். மனநல நிபுணரோடு பேசிப் பெறும் சிகிச்சையும் மாத்திரையும்தான் அதற்குக் கைகொடுக்கும். உங்களுக்கு அதுதான் என்று கடிதத்தை மட்டும் வைத்து நான் சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணாடி, செல்பி, போன் திரை எல்லாம் கூட்டினால் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது என்றால், ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்னால் மனநல மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். ஹைகிரவுண்டிலேயே பார்க்கலாம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

செல்பியை இப்போதைக்கு நிறுத்துங்கள். அந்தப் போட்டோவை நம்பி முடிவெடுக்கக் கூடாது. முகத்திலிருந்து 12 அங்குலத்தில் பிடித்து எடுக்கும் படத்தில், 5 அடி தள்ளி எடுத்ததைவிட மூக்கு 30 சதவீதம் வரை அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். போனைப் பிரித்து மாட்டுகிற உங்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண்ணாடியைவிட போட்டோ மோசம் என்று தோன்றுவதற்கும் காரணம் உண்டு. கண்ணாடியில் இடம் வலம் மாறிய முகத்தைத்தான் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியிருக்கிறோம். போட்டோவில் கோணல் மறுபக்கம் திரும்பி நிற்கும்போது அது வேறொருவர் மூக்கு போல உறுத்தும். ஊரார் எப்போதும் பார்ப்பது போட்டோவில் இருக்கிற அந்த முகத்தைத்தான். அவர்களுக்கு அது பழகிய முகம்.

எனக்கு மூக்கைவிட அந்த முன்கவுண்டர்தான் கவலையாக இருக்கிறது. மாதம் மூவாயிரம் ரூபாயை ஒரு வளைவுக்காக விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். நேரான மூக்கோடு வந்தாலும் முதல் நாள் கவுண்டரில் நிற்கக் கை நடுங்கத்தான் செய்யும். ஆட்களுக்கு முன்னால் நிற்பதை இத்தனை வருஷமாகத் தள்ளிப்போட்டே வந்திருக்கிறீர்கள் இல்லையா? அறுவையில் அந்தப் பழக்கம் போகாது. முதலாளியிடம் பேசி, கவுண்டர் ஆள் சாப்பிடப் போகும் நேரம் மட்டும் நீங்கள் நில்லுங்கள். வந்தவர்களில் எத்தனை பேர் உங்கள் மூக்கைப் பார்த்தார்கள், எத்தனை பேர் டிஸ்பிளே மாற்ற எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள் என்று கவனியுங்கள். அதற்குப் பிறகும் "எனக்கு இது நேராக வேண்டும்" என்று தோன்றினால், அது தெளிவான ஆசை. தாராளமாகச் செய்துகொள்ளலாம்.

அம்மாவிடம் மறுபடி பேசுவதற்கு முன்னால் தங்கச்சியிடம் சொல்லுங்கள். நீங்கள் தேர் முன்னால் படத்துக்கு நிற்காததை வீட்டில் யாராவது கவனித்திருந்தால் அது அவளாகத்தான் இருக்கும். சவத்த விடுல என்று அம்மா சொன்னதில் பிரியம்தான் இருக்கிறது. அவர் கண்ணுக்குப் பிள்ளையிடம் குறை தெரியவில்லை. ஆனால் அடிபட்ட அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாத உறுத்தலும் அவருக்குள் இருக்கலாம். அதைக் குத்திக் காட்டாமல் மூச்சடைப்பைச் சொல்லுங்கள், கூடவே முகம் உறுத்துவதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சீட்டுப் பணத்தை இதில் கலக்காதீர்கள், தவணைக் கடனும் வேண்டாம். இது ஒரு வருஷம் பொறுக்கிற காரியம்.

ஆபரேஷன் என்று முடிவானால் மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உள்தடுப்பும் சேர்த்தா? அவர் வளைந்த மூக்குகளை நிமிர்த்திய படங்களை, ஒரு வருஷம் கழித்து எடுத்தவற்றை, காட்டுவாரா? திருத்தம் தேவைப்பட்டால் செலவு யாருடையது? மேலச்செவலிலிருந்து வண்ணார்பேட்டைக்குத் தினமும் பைக்கில் வருகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட்டைத் தலையில் இழுத்து மாட்டும்போது மூக்கில் உரசும். எத்தனை வாரம் பஸ்ஸில் போக வேண்டியிருக்கும் என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.