இயேசு சொன்ன கஷ்டமான வசனங்கள் உங்க விசுவாசத்தை அசைச்சுதா, ஆழமாக்குச்சா?

ரெண்டும் நடந்துச்சு, ஒரே வசனத்தால. மத்தேயு 5:23, 24.

நான் மும்பை தாராவில பொறந்து வளந்தவன். அப்பா திருநெல்வேலி பக்கத்துல இருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்தவரு. எங்க வீட்டு சுவர்ல வருஷா வருஷம் புதுவருஷ ஆராதனைல எடுக்குற வாக்குத்தத்த அட்டை தொங்கும், "பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்" மாதிரி வசனம். அதெல்லாம் சத்தியம்தான், எத்தனையோ ராத்திரி என்னை தாங்கியிருக்கு. ஆனா அந்த அட்டைங்க என்கிட்ட இருந்து ஒண்ணும் கேட்டதில்ல.

அப்பா இறந்த ரெண்டாவது வருஷம் எங்க அண்ணன் அப்பாவோட ரூமை எனக்கும் அம்மாக்கும் சொல்லாமலே ஹெவி டெபாசிட்டுக்கு விட்டுட்டான். மும்பைல இருக்கவங்களுக்கு தெரியும், மொத்தமா 5 லட்சம் கையில வாங்கிட்டா மாச வாடகை கிடையாது, போகும்போது அந்த பணத்தை திருப்பி குடுக்கணும். மொத்தத்தையும் தன் கடனுக்கு கட்டிட்டு, தானே பக்கத்துல இருக்கிற திவாவுக்கு குடும்பத்தோட போயிட்டான். அம்மா ஒரு டிரங்கு பெட்டியோட என் வாடகை வீட்டுக்கு வந்தாங்க. நாலு வருஷம் அண்ணன்கிட்ட நான் பேசல, மதினி போன் பண்ணாலும் எடுக்கல.

ஒரு திருவிருந்து ஞாயிறு எங்க சர்ச் போதகர், நாங்க ஐயர்னு கூப்பிடுவோம், இந்த வசனத்தை வாசிச்சாரு. காணிக்கை கவர் சட்டைப் பையில இருக்கு. "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறைஉண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்..." பலிபீடத்துக்கு முன்னாடி காணிக்கையை வச்சிட்டு முதல்ல போய் அவனோட ஒப்புரவாகு, அதாவது சமாதானமாகுன்னு முடியும். நூறு தடவை கேட்ட வசனம்தான். எனக்கு அவன் மேல குறை இருந்தா மன்னிக்கணும், அப்படின்னு மனசுல நானே மாத்தி வச்சிருந்தேன் போல. அன்னைக்குதான் வார்த்தை சரியா காதுல விழுந்துச்சு. இது என் குறையை பத்தி பேசல, அவனுக்கு என் மேல இருக்கிற குறையை பத்தி பேசுது. பணத்தை எடுத்தவன் அவன், அவனுக்கு என் மேல என்ன குறை இருக்க முடியும்னு மனசு உடனே வக்கீல் மாதிரி எழுந்து நின்னுச்சு.

அப்புறம் ஞாபகம் வந்துச்சு. அப்பா படுத்த படுக்கையா இருந்த எட்டு மாசமும் நான் மஸ்கட்ல இருந்தேன். மாசா மாசம் பணம் மட்டும் அனுப்பினேன். அப்பாவோட மலம் மூத்திரம் அள்ளினது, புண்ணை துடைச்சு பவுடர் போட்டது, வேலைக்கு போகாம கடன் வாங்கினது எல்லாம் அண்ணன். அடக்கத்துக்கு வந்த நான் சொந்தக்காரங்க எல்லாரும் இருக்கும்போது "நீ ரூமுக்காகத்தான பாத்துக்கிட்ட"ன்னு சொன்னேன். அவன் அப்ப பதில் பேசல, கையில அப்பாவோட கண்ணாடி இருந்துச்சு, அதை வேட்டி முனையால துடைச்சுகிட்டே இருந்தான். ரூம் போறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே அந்த வார்த்தை என் வாயில இருந்து வந்துடுச்சு.

காணிக்கை பை என் வரிசைக்கு வர்றதுக்கு முன்னாடி எழுந்து வெளில வந்துட்டேன்.

இந்த வசனத்துல இன்னொன்னு இருக்கு, இதை ஐயர் பிற்பாடு சொன்னாரு. இயேசு இதை பேசினது கலிலேயா மலைல, பலிபீடம் இருந்தது எருசலேம்ல, நடுவுல நூறு கிலோமீட்டருக்கு மேல. காணிக்கையை அங்கேயே வச்சிட்டு ஊருக்கு நடந்து போய் ஒப்புரவாகிட்டு திரும்ப நடந்து வான்னு சொல்றாரு. எனக்கு சயான் ஸ்டேஷன்ல ஏறினா திவா ஒரு மணி நேரம் கூட இல்ல, நாலு வருஷம் அதை போக முடியல.

அண்ணனை பாக்க போற டிரெய்ன்ல மத்தேயு 18 உவமையை எடுத்து வாசிச்சேன். ஒருத்தனுக்கு பதினாயிரம் தாலந்து கடன் தள்ளுபடி ஆகுது, அவன் வெளில வந்து நூறு வெள்ளிப்பணத்துக்காக இன்னொருத்தன் தொண்டையை பிடிக்கிறான். அந்த காலத்துல ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி, ஒரு தாலந்துக்கு 6000 பணம். நாள் கூலி 600 ரூபாய்னு வச்சு போன்ல கணக்கு போட்டேன், நூறு பணம் 60,000 ரூபாய், பதினாயிரம் தாலந்து 3600 கோடி. 3600 கோடி பெருசுன்னு தெரிஞ்சதுதான், என்னை நிறுத்தினது அந்த 60,000. அது சில்லறை கிடையாது, கூலிக்காரனுக்கு மூணு மாசத்துக்கு மேல உழைப்பு. உனக்கு நடந்தது ஒண்ணுமில்லன்னு இயேசு சொல்லல, கடன் கடன்தான்னு ஒத்துக்கிட்டுதான் விடச் சொல்றாரு. "விடு, போகட்டும்"னு எனக்கு அறிவுரை சொன்ன யாரும் அதை ஒத்துக்கிட்டதில்ல. அதனாலதான் அவங்க சொன்னது உள்ள இறங்கல, இவரு சொன்னது இறங்குச்சு.

அண்ணன் வீட்டுல பெரிய அழுகை எல்லாம் நடக்கல. "அன்னைக்கு நான் சொன்னது தப்புண்ணே"ன்னு சொன்னேன். ரொம்ப நேரம் தரையை பாத்துகிட்டு இருந்துட்டு "சாப்ட்டியாலே"ன்னு கேட்டான். மதினி சோறு போட்டாங்க.

யோவான் 6-ல "இது கடினமான உபதேசம்"னு சொல்லி நிறைய சீஷர்கள் போயிடுறாங்க. இயேசு அவங்களை கூப்பிட்டு வார்த்தையை லேசாக்கல, மிச்சம் இருந்த பன்னிரண்டு பேரையும் பாத்து நீங்களும் போறீங்களான்னு கேக்குறாரு. பேதுரு புரிஞ்சுதுன்னு சொல்லல, யாரிடத்தில் போவோம்னுதான் சொல்றாரு. நானும் அங்கதான் நிக்கிறேன், முன்னாடி இயேசுவை எனக்கு ஆறுதலா மட்டும்தான் தெரியும், இப்போ ஆண்டவரா தெரியுது.

பணம் இன்னும் வரல. அம்மா மாசத்துல ஒரு வாரம் திவால போய் இருக்காங்க. போன வாரம் அண்ணன் பையன் காலேஜ் பீஸுக்கு 40,000 கேட்டிருக்கான். "உன்னுடையதை எடுத்துக்கொள்ளுகிறவனிடத்தில் அதைத் திரும்பக் கேளாதே", லூக்கா 6:30. அதோட முதல் பாதி "கேட்கிற எவனுக்கும் கொடு". நாலு நாளா அந்த ஒரு வசனத்தை மட்டும்தான் வாசிச்சுகிட்டு இருக்கேன், பீஸ் கட்ட கடைசி தேதி வெள்ளிக்கிழமை.