பாண்டை முதலில் அடைப்பதா, கையில் காசு வைப்பதா?

கேள்வி: அண்ணா, நாங்கள் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். எனக்கு 38 வயது, பள்ளி அலுவலகத்தில் கிளார்க் வேலை. வீட்டுக்காரர் புரொஸ்பெக்டன் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இருக்கிறார், பிடித்தம் போவதற்கு முன் 25,000 ரேண்ட். இரண்டு பேருக்கும் சேர்த்து கைக்கு 34,000 வருகிறது. வீட்டு பாண்ட், அதாவது வீட்டுக் கடன், 9 லட்சம் பாக்கி, 20 வருஷம் இருக்கிறது, வட்டி 10.5%, தவணை 8,985. பாண்ட் அவர் பெயரில் மட்டும்தான். போன மாதம் கார் கடன் முடிந்ததால் மாதம் 4,000 மிச்சமாகிறது. அவர் அண்ணன் "அத்தனையும் பாண்டில் போடு, வட்டி தின்கிறது" என்கிறார். என் அம்மா "கையில் காசு இல்லாமல் இருக்காதே" என்கிறார். சேமிப்பு 12,000தான் இருக்கிறது. துணிக்கடை அக்கவுண்டில் 6,500 பாக்கி. வீட்டுக்கு அத்தியாவசியச் செலவு தவணையோடு சேர்த்து 22,000. எதை முதலில் செய்வது?

பதில்: தங்கச்சி, இன்றைக்கு உங்கள் அம்மா சொல்வதைக் கேளுங்கள். அவர் அண்ணன் சொல்வதை ஒரு பத்து மாதம் கழித்துக் கேளுங்கள்.

அண்ணன் கணக்கு தப்பு இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போதிருக்கும் வட்டியிலேயே 20 வருஷம் வெறும் 8,985 கட்டிக்கொண்டே போனால் வட்டி மட்டும் 12 லட்சத்து 56 ஆயிரம் ரேண்ட் போகும், அதாவது வாங்கிய கடனைவிட அதிகம். இன்றிலிருந்து மாதம் 3,000 கூடுதலாகக் கட்டினால் கடன் 10 வருஷம் 3 மாதத்தில் முடியும், வட்டியில் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் மிச்சம். இந்த எண்ணைப் பார்த்தால் யாருக்குத்தான் கை பரபரக்காது? கடன் சட்டமும் உங்கள் பக்கம்தான், நேஷனல் கிரெடிட் ஆக்ட்படி எந்த நேரத்திலும் எவ்வளவு வேண்டுமானாலும் முன்கூட்டியே கட்டலாம், அதற்கு அபராதம் கிடையாது. (பாண்டையே முழுசாக மூடுவது வேறு விஷயம், அதற்கு 90 நாள் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் கட்டணம் கேட்பார்கள்.)

ஆனால் அந்தக் கணக்கு ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டே போடப்படுகிறது: பத்து வருஷமும் இரண்டு சம்பளமும் ஒரு மாதம்கூட நிற்காமல் வரும் என்று. உங்கள் வீட்டுக்காரர் வேலை செய்வது எங்கே? புரொஸ்பெக்டனில். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அங்கே டொயோட்டா ஆலைக்குள் தண்ணீர் புகுந்து உற்பத்தி மாதக்கணக்கில் நின்றதே, அப்போது அந்த ஆலைக்குப் பாகம் கொடுக்கிற கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்று உங்கள் தெருவிலேயே யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

அந்த வருஷம் ஜூனில் ஒரு தம்பதி என்னைப் பார்க்க வந்தார்கள். பிளாஸ்டிக் ஃபைலில் பாண்ட் ஸ்டேட்மென்டை அடுக்கி எடுத்து வந்திருந்தார் அந்தத் தம்பி, கீழே ஓரம் மட்டும் தண்ணீர் பட்டு மஞ்சளாகியிருந்தது. நாலு வருஷமாக மாதா மாதம் கூடுதலாகக் கட்டி 80,000 ரேண்ட் முன்கூட்டியே அடைத்திருந்தார், ஒவ்வொரு பக்கத்திலும் பாக்கித்தொகைக்குக் கீழே பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார். கம்பெனி ஷார்ட் டைமில் போய்விட்டது, வாரத்துக்கு மூன்று நாள் வேலை. வங்கிக்குப் போய் "என் 80,000-ல் 20,000 கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறார். பாண்ட் எடுக்கும்போது, கூடுதலாகப் போட்டதைத் திரும்ப எடுக்கும் அக்சஸ் வசதி கேட்கவில்லையே, இனி புதுக்கடனாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், மூன்று மாத பேஸ்லிப் கொண்டு வாருங்கள் என்றார்கள். மூன்று மாத பேஸ்லிப்பில் இருந்தது என்ன, அரைச் சம்பளம். விண்ணப்பம் தள்ளுபடி. அவர் போட்ட காசு, அவரே எடுக்க முடியவில்லை, கடைசியில் மாதத்துக்கே வட்டி கேட்கிற கந்துவட்டிக்காரரான மஷோனிசாவிடம் போய் நின்றார். அவர் மனைவி என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த ஸ்டேட்மென்டில் இருந்த பேனாக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து யார் பாண்டில் கூடுதலாகப் போடுகிறேன் என்றாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: போட்ட காசைத் திரும்ப எடுக்க முடியுமா?

அதனால் நீங்கள் வங்கியில் முதலில் விசாரிக்க வேண்டியது அக்சஸ் பாண்ட் வசதி இருக்கிறதா என்பதுதான். வங்கிக்கு வங்கி பெயர் மாறும், வேலை ஒன்று: தவணைக்கு மேலே போட்ட காசு கடன் பாக்கியைக் குறைத்துக்கொண்டு இருக்கும், வட்டி தினசரி பாக்கிக்குத்தான் கணக்கிடுவதால் போட்ட நாளிலிருந்தே மிச்சம், வேண்டும்போது ஆப்பிலேயே எடுத்துக்கொள்ளலாம். அந்த வசதி இருந்தால் அம்மாவும் அண்ணனும் ஒரே நேரத்தில் ஜெயித்த மாதிரி, இல்லையா? பாதிதான். ஏன் என்றால் அந்தக் கதவின் சாவி வங்கியிடம் இருக்கிறது. தவணை பாக்கி விழுந்தால் அக்சஸை நிறுத்தலாம். கடன் ஆலோசனைக்கு, அதாவது டெட் ரிவ்யூவுக்கு விண்ணப்பித்தால் அது மூடிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, சொல்ல வாய் வரவில்லை, ஆனால் பாண்ட் அவர் பெயரில் மட்டும் இருக்கிறது என்று எழுதியிருப்பதால் சொல்லித்தான் ஆகவேண்டும்: அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் கணக்கு உறைந்துபோகும், இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் அரசு மாஸ்டர் அலுவலகத்திலிருந்து எக்ஸிக்யூட்டருக்கு, அதாவது சொத்தை நிர்வகிப்பவருக்கு, கடிதம் வரும்வரை உங்களால் ஒரு ரேண்ட் தொட முடியாது. சரியாகக் காசு தேவைப்படும் நாளில் பூட்டிக்கொள்ளும் பெட்டியில் எல்லாவற்றையும் வைக்காதீர்கள். கல்யாணத்தின்போது இருவர் சொத்தையும் தனித்தனியாக வைக்கும் ஆன்டிநப்ஷியல் ஒப்பந்தம் போட்டீர்களா என்றும் பாருங்கள், போடாவிட்டால் இருவர் சொத்தும் ஒரே எஸ்டேட்டாகப் பார்க்கப்படும், அப்போது உங்கள் கணக்கிலும் கொஞ்ச நாள் சிக்கல் வரலாம், அந்த இடைவெளிக்கு ஃப்யூனரல் பாலிசி, அதாவது இறுதிச் சடங்குக் காப்பீடு, கைகொடுக்கும்.

"வேலை போனால் யூஐஎஃப் (வேலையிழப்புக் காப்பீட்டு நிதி) வருமே" என்று நினைத்திருப்பீர்கள். வரும், ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு 2021-ல் வைத்த உச்சவரம்பு மாதம் 17,712 ரேண்ட். அவர் 25,000 வாங்கினாலும் கணக்குப் போடுவது அதற்குத்தான், அந்த மட்டத்தில் கிடைப்பது 38%. அதாவது மாதம் 6,700 சொச்சம். உங்கள் பாண்ட் தவணைக்கே பற்றாது. அதுவும் விண்ணப்பித்த மறுநாள் வந்து விழாது, வாரக்கணக்கில் ஓடும். தானாக ராஜினாமா செய்தால் அதுவும் கிடையாது.

ஓய்வூதியச் சேமிப்பில் ஒரு பங்கை முன்கூட்டியே எடுக்க விடும், 2024 செப்டம்பரில் வந்த டூ-பாட் முறையைப் பற்றியும் நிறைய பேர் கேட்கிறார்கள். அதை அவசரக் காசு என்று எண்ணவே வேண்டாம். வரி வருஷத்துக்கு ஒருமுறைதான் எடுக்கலாம், எடுத்தது சம்பளத்தோடு சேர்த்து வரி போடப்படும். உங்கள் வீட்டுக்காரர் சம்பள அளவுக்கு 26% போகும், 20,000 எடுத்தால் 5,200 வரிக்கே, மேலே நிர்வாகக் கட்டணம். வேறு வழியே இல்லாத நாளுக்கு அது இருக்கட்டும்.

சரி, இனி 4,000-ஐ என்ன செய்வது.

முதல் இரண்டு மாதம் துணிக்கடை அக்கவுண்ட். பாண்ட் 10.5%. ரிசர்வ் வங்கியின் அடிப்படை வட்டியான ரெப்போ 7% என்றால் கடை அக்கவுண்டுக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வட்டி 21%, இரண்டு மடங்கு. 21%-ஐ வைத்துக்கொண்டு 10.5%-ஐ அடைப்பதில் அர்த்தமே இல்லை. அடைத்துவிட்டு அந்த அக்கவுண்டை எழுதிக்கொடுத்து மூடிவிடுங்கள், தீபாவளிக்கு முன்னால் "உங்கள் லிமிட்டைக் கூட்டியிருக்கிறோம்" என்று எஸ்எம்எஸ் வரும்போது ஆசை வராமல் இருக்கும்.

அதற்கு அப்புறம் வரும் ஒவ்வொரு 4,000-மும் பாண்டுக்கு வெளியே, உங்கள் பெயரில் உள்ள கணக்கில். இலக்கு 44,000, இரண்டு மாத அத்தியாவசியச் செலவு. ஒரு மாதத்துக்கானது உடனே எடுக்கக்கூடிய கணக்கில் இருக்கட்டும், இன்னொரு மாதத்துக்கானது, எடுக்க 32 நாள் முன்பே சொல்ல வேண்டிய நோட்டீஸ் கணக்கில், வட்டி கொஞ்சம் கூட வரும், சும்மா எடுக்கவும் கை போகாது. இருக்கிற 12,000-ஓடு சேர்த்தால் மொத்தம் பத்து மாதத்தில் முடியும். டிசம்பரில் பதின்மூன்றாவது செக், அதாவது வருஷ போனஸ், வந்தால் அதில் பாதியை இதில் போட்டால் இன்னும் சீக்கிரம். வரி பற்றிக் கவலை வேண்டாம், 65 வயதுக்குக் கீழே வருஷம் 23,800 ரேண்ட் வரை வட்டிக்கு வரி இல்லை. வங்கி விழுந்தால் என்ன என்று பயப்படவும் வேண்டாம், 2024 ஏப்ரலிலிருந்து ஒரு வங்கியில் ஒருவருக்கு 1 லட்சம் ரேண்ட் வரை டெபாசிட் காப்பீடு இருக்கிறது.

பத்து மாதம் தள்ளிப் போடுவதால் நஷ்டம் எவ்வளவு என்று அண்ணன் கேட்பார், கேட்கட்டும், நியாயமான கேள்வி. மாதம் 3,000 கூடுதலை இன்று ஆரம்பிக்காமல் பத்து மாதம் கழித்து ஆரம்பித்தால் கடன் ஏழு மாதம் தாமதமாக முடியும், வட்டி 56,000 கூடுதலாகப் போகும். பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அந்த 30,000 தொலைந்துபோகவில்லை, உங்கள் கணக்கில் இருக்கிறது. 7% என்று வைத்துக்கொண்டாலும் பத்து வருஷத்தில் அது இன்னொரு 30,000 சம்பாதிக்கும். கழித்தால் நிஜ நஷ்டம் 26,000 பக்கம், பத்து வருஷத்துக்கு மேல் பரவினால் மாதம் 200 ரேண்ட். உங்கள் சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் ஒரு வெள்ளிக்கிழமை காய்கறிக்குக் கொடுப்பதுபோல ஒரு தொகை. அதைக் கொடுத்து அந்தத் தம்பி நின்ற இடத்தில் நிற்காமல் இருக்கலாம் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன்.

44,000 சேர்ந்த பிறகு மாறுங்கள்: 3,000 பாண்டுக்கு, 1,000 வெளியே, மூன்று மாதச் செலவு சேரும்வரை. பாண்டில் போடும்போது இரண்டு விஷயம் எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, அக்சஸ் உண்டு என்று. இரண்டாவது, கூடுதல் காசு வந்ததும் தவணையைக் குறைக்காமல் அப்படியே வைக்கச் சொல்லுங்கள், சில இடங்களில் தானாகவே தவணையைக் குறைத்துவிடுவார்கள், அப்போது காலம் குறையாது, நீங்கள் நினைத்த மிச்சமும் வராது. அக்சஸ் இல்லவே இல்லை, சேர்க்கவும் முடியாது என்று சொன்னால் திட்டம் மாறும்: வெளியே நாலு மாதச் செலவு சேரும்வரை பாண்டில் கூடுதலாக ஒரு ரேண்ட்கூட வேண்டாம்.

இன்னொரு விஷயம், உங்கள் பாண்ட் பிரைமோடு, அதாவது வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டியோடு, ஏறி இறங்குவது. 2020-ல் பிரைம் 7% இருந்தபோது 9 லட்சத்துக்கு 20 வருஷத் தவணை 6,978. 2023 மே மாதம் பிரைம் 11.75%-க்குப் போனபோது அதே கடனுக்கு 9,753. மூன்று வருஷத்தில் 2,775 ரேண்ட் கூடியது, சம்பளம் அப்படியா கூடியது? மறுபடியும் அப்படி ஏறினால் முதல் ஆறு மாதம் மூச்சுவிட வைப்பது அந்த 44,000தான். இறங்கினால் தவணையைப் பழைய தொகையிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள், உங்களுக்கு அது பழகிய தொகை, வித்தியாசம் முழுவதும் அசலுக்குப் போகும்.

வங்கிக்குப் போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள், பாண்ட் அவர் பெயரில் இருப்பதால் உங்களிடம் விவரம் சொல்ல மாட்டார்கள், அவருடைய ஐடி வேண்டும். கடைசி பாண்ட் ஸ்டேட்மென்டையும் எடுத்துப் போங்கள். அக்சஸ் பற்றி அவர்கள் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு மூன்றாவது மாதத்திலிருந்து எந்தத் தேதிக்கு, கணக்கிலிருந்து தானாகக் காசு மாறும் டெபிட் ஆர்டர் போடுவது என்று சொல்கிறேன்.