ரசிகர்கள் நடுவர்மேல் பாய்கிறார்கள்: அணி உரிமையாளர் என்ன செய்யலாம்?

கேள்வி: திருகோணமலையில் கடை வைத்திருக்கிறேன். மென்பந்துச் சுற்றுப்போட்டியில் ஓர் அணிக்கு நான்தான் உரிமையாளர். ஜேர்சி, சாப்பாடு எல்லாம் என் செலவு. போன மாதம் ஏகாம்பரம் மைதானத்தில் ஒரு ரன் அவுட் தீர்ப்புக்கு எங்கள் ரசிகர்கள் நடுவரைச் சூழ்ந்துவிட்டார்கள். தண்ணீர்ப் போத்தலும் பறந்தது. நானும் கத்தினேன்தான், எறியச் சொல்லவில்லையே! இவர்களை எப்படி அடக்குவது?

பதில்: "நானும் கத்தினேன்தான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குவோம். கூட்டத்தில் ஒரு பொடியன் கத்தினால் பத்துப்பேர் சிரிப்பார்கள். ஜேர்சிக்குக் காசு போட்டவர் கதிரையை விட்டு எழும்பிக் கை நீட்டினால், இனி இறங்கலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். தீர்ப்பு வந்ததும் எத்தனை பேர் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று ஒருமுறை கவனியுங்கள்.

2023 டிசம்பர் 11ஆம் திகதி துருக்கியின் உதைபந்தாட்ட லீக்கில் ரிசேஸ்போர் அணி கடைசி நிமிடங்களில் கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தது. எதிரணியான அங்காராகுஜுக் கழகத்தின் தலைவர் பாரூக் கோஜா மைதானத்துக்குள் இறங்கி மத்தியஸ்தரின் முகத்தில் குத்தினார். விழுந்தவரை வேறு சிலர் காலால் உதைத்தார்கள். லீக் போட்டிகளே நிறுத்தப்பட்டன. கோஜாவுக்கு நிரந்தரத் தடை, கழகத்துக்கு ஐந்து சொந்த மைதானப் போட்டிகள் பார்வையாளர் இல்லாமல்.

உளவியலாளர் அல்பேர்ட் பண்டூரா 1960களில், ஒரு பெரியவர் பொம்மையை அடிப்பதைக் குழந்தைகளுக்குக் காட்டினார். அடித்தவர் தண்டனை வாங்குவதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால் "செய்து காட்டினால் பரிசு" என்றதும் அவர்களும் தண்டனையைப் பார்க்காத குழந்தைகள் அளவுக்குச் செய்து காட்டினார்கள். பார்த்தது மனதில் பதிந்துதான் இருந்தது. போத்தல் எறிந்த பொடியனுக்கும் அன்றைக்குப் புரியாணிப் பார்சல் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் அதுதான் பரிசு.

மத்தியஸ்தர்கள் கடந்துபோகையில் துப்பியதற்காக இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பொரெஸ்ட் உதைபந்தாட்டக் கழக உரிமையாளர் மரினாகிஸுக்கு 2024இல் ஐந்து போட்டிகளுக்கு மைதானத் தடை விதித்தார்கள். உங்கள் சுற்றுப்போட்டியில் அப்படி விதி இருக்காது. அதனால் அடுத்த போட்டிக்கு நீங்களே உங்களுக்குத் தடை போட்டுக் கடையில் இருங்கள். ஏன் வரவில்லை என்று அணியின் வாட்ஸ்அப் குழுவில் சொல்லுங்கள். அதற்கடுத்த போட்டியில் நாணயச் சுழற்சியின்போது, ஒலிபெருக்கியிலேயே அந்த நடுவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். எல்லார் முன்னிலையிலும் கத்திவிட்டுத் தனியாகப் போய்க் கைகொடுத்தால் அதை யார் பார்ப்பது? இனி நடுவரிடம் கதைப்பது அணித்தலைவர் மட்டும். முறைப்பாடு இருந்தால் எழுத்தில் கொடுங்கள். "நடுவர் காசு வாங்கிட்டான்" என்று இரவில் வரும் குரல்பதிவுகளையும் அழியுங்கள், கத்தலைவிட அவை ஆபத்தானவை.

எல்லாப் பழியும் உங்கள்மேல் இல்லை. பந்தயக் காசு, ஊர்ப் பகை எல்லாம் கலந்திருக்கும். போட்டி நடத்தும் கழகத்துப் பொடியனே நடுவராக நின்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். வெளி நடுவர் வேண்டும் என்று ஏற்பாட்டாளர்களிடம் கேளுங்கள், ஆனால் முதல் பந்து போட முன்னமே கேளுங்கள்.