புதிய மேலாளர் கேட்கும் வீரர்களை எல்லாம் வாங்கிக் கொடுத்தால் அணி தேறிவிடுமா?

கேள்வி: ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகளுக்குப் புதிய மேலாளர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், வரும்போதெல்லாம், அவர் கேட்கும் வீரர்களை வாங்கிக் கொடுத்தால் போதும், அணி மேலே வந்துவிடும் என்று ரசிகர்கள் நம்புகிறார்கள். இந்த எதிர்பார்ப்பில் நியாயம் உண்டா?

பாதி நியாயம் உண்டு என்பதே என் பதில். நான் இங்கிலாந்தின் லிவர்பூல் அணியின் ரசிகன் என்பதால் அந்தக் கிளப்பை வைத்தே விளக்குகிறேன். ஒரு மேலாளரின் தரம் முதலில் வெளிப்படுவது, அவர் வருவதற்கு முன்பே அங்கிருந்த வீரர்களிடம்தான். வாங்குவது அதற்கு அடுத்த வேலை. அதுவும் அணியில் உண்மையாகவே எந்த இடம் ஓட்டையாக இருக்கிறதோ, அந்த இடத்துக்கு வாங்கினால்தான் பலன் தருகிறது.

ரசிகர்கள் இரண்டையும் ஒன்றாகவே பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. பயிற்சி மைதானத்தில் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியாது. புதிய வீரர் கிளப்பின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம்தான் தெரியும். ஆட்டமே இல்லாத கோடை மாதங்களில் பேசுவதற்கு வேறு பொருளும் கிடையாது. ஆனால் இன்றைய பெரிய கிளப்புகளில் மேலாளர் தனியாக யாரையும் வாங்குவதில்லை. விளையாட்டு இயக்குநர், ஆட்டங்களை நேரில் சென்று பார்த்துவரும் ஸ்கவுட்டுகள், தரவு ஆய்வாளர்கள் எனப் பலர் சேர்ந்தே முடிவெடுக்கிறார்கள். ஆகவே புதிய மேலாளர் வந்துவிட்டார் என்பதை மட்டும் வைத்து, வாங்கும் முறையும் மாறிவிட்டது என்று முடிவு கட்ட முடியாது.

அந்த முறை சரியில்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு லிவர்பூலின் 2014 கோடையே போதும். அப்போதைய மேலாளர் பிரெண்டன் ராட்ஜர்ஸின் அணி 2013–14 பருவத்தில், இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கில் 101 கோல்கள் அடித்து இரண்டாம் இடம் பிடித்திருந்தது. அணியின் முன்கள நட்சத்திரம் லூயிஸ் சுவாரஸ் பார்சிலோனாவுக்குப் போனார். கையில் வந்த பணத்தைக் கொண்டு லலானா, லவ்ரன், மார்க்கோவிச், லாம்பர்ட், எம்ரே சான், மொரேனோ, பலோட்டெல்லி என ஒரு படையையே வாங்கினார்கள். அடுத்த பருவத்தில் அணி அடித்த லீக் கோல்கள் 52, பிடித்த இடம் ஆறு. பலோட்டெல்லி லீக்கில் அடித்தது ஒரே ஒரு கோல். அவர்களில் சிலர் நல்ல வீரர்களே, எம்ரே சான் அதில் ஒருவர்; ஆனால் போன ஒருவரின் வேலையை யார் செய்வது என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் விடை இல்லை. அடுத்த கோடையில் வாங்கும் குழுவின் விருப்பமான ஃபிர்மினோவும் வந்தார், மேலாளரின் விருப்பமான பென்டேக்கேயும் வந்தார். இரண்டு பேரையும் ஒரே ஆட்ட முறைக்குள் பொருத்துவது எப்படி என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. சில மாதங்களில் ராட்ஜர்ஸ் நீக்கப்பட்டார்.

2015 அக்டோபரில் மேலாளராக யூர்கன் கிளாப் வந்தார். முதல் செய்தியாளர் சந்திப்பிலேயே, சந்தேகப்படுபவர்கள் நம்புபவர்களாக மாற வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டது எல்லா ரசிகர்களுக்கும் நினைவிருக்கும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: அந்தப் பருவத்தில் அவர் அநேகமாகப் புதிதாக யாரையும் நம்பியிருக்கவில்லை. கோடையை விட்டால் வீரர்களை வாங்க வாய்ப்புள்ள ஒரே மாதமான ஜனவரியில் வந்தவர்களில் முதல் அணியை மாற்றக்கூடிய பெயர் எதுவும் இல்லை. லீக்கில் எட்டாம் இடம்தான் கிடைத்தது. ஆனாலும் லீக் கோப்பை, யூரோப்பா லீக் என இரண்டு இறுதி ஆட்டங்களுக்கு அதே வீரர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இரண்டிலும் தோல்வி என்பது உண்மை. ஆனால் பந்தை இழந்த கணமே கூட்டமாகச் சென்று அதை மீட்கும் ஆட்டம், முந்தைய மேலாளர் விட்டுச்சென்ற அதே ஆட்களிடம் தெரிந்தது. ராட்ஜர்ஸிடம் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த ஃபிர்மினோதான், கிளாப்பிடம் நடுவில் நின்று முதல் தற்காப்பு வேலையையும் செய்கிற முன்கள வீரராக மாறி, அந்த அணியின் அச்சாணி ஆனார். புதிதாக ஒரு பவுண்டுகூடச் செலவழிக்காமல் கிடைத்த மிகச் சிறந்த வீரர் என்று அவரைச் சொல்வேன்.

அதன்பின் வாங்கிய வரிசையைக் கவனியுங்கள். 2016-இல் வேகத்துக்கு மானே, நடுக்களத்துக்கு வைனால்டம், தற்காப்புக்குப் பணமே கொடுக்காமல் மாட்டிப். 2016–17 பருவம் முழுவதும் இடப்புறத் தற்காப்பில் நடுக்கள வீரரான ஜேம்ஸ் மில்னர் ஆட வேண்டியிருந்தது. அடுத்த கோடையில், லீக்கிலிருந்து கீழிறங்கிய ஹல் அணியிலிருந்து ராபர்ட்சன் சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு வந்தார். ரசிகர்களில் பலர் அந்தப் பெயரைக் கேட்டு உற்சாகம் அடையவில்லை. அதே கோடையில் கிளாப் முதலில் விரும்பியது ஜெர்மனியின் யூலியன் பிராண்ட்டை என்பதும், முகமது சலாதான் சரி என்று விளையாட்டு இயக்குநர் மைக்கேல் எட்வர்ட்ஸின் குழு விடாமல் வலியுறுத்தியதும் பின்னாளில் பரவலாக வெளிவந்த செய்தி. சலா முதல் பருவத்திலேயே லீக்கில் 32 கோல்கள் அடித்தார். மேலாளர் கேட்டதை அப்படியே வாங்கிக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது. அதே சமயம், தன் விருப்பம் நிறைவேறவில்லை என்று முகம் சுளிக்காமல், வந்த வீரரை மனமார ஏற்றுக்கொண்ட மேலாளராக கிளாப் இருந்ததும் இதில் பாதிப் பங்கு.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், சவுத்தாம்ப்டன் கிளப்பில் ஆடிய நடுத் தற்காப்பு வீரர் விர்ஜில் வான் டைக். 2017 ஜூனில், சவுத்தாம்ப்டனின் அனுமதியின்றி அவரை அணுகியதாக எழுந்த புகாரையடுத்து, லிவர்பூல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு விலகியது. தற்காப்பு பலவீனமாக இருக்கிறது, யாரையாவது வாங்குங்கள் என்று ரசிகர்கள் அந்தக் கோடை முழுவதும் கொதித்தார்கள். நடுத் தற்காப்புக்குக் கிளப் யாரையும் வாங்கவில்லை. அந்த ஆண்டின் கடைசி வாரத்தில் 7.5 கோடி பவுண்டு கொடுத்து அதே வான் டைக்கை வாங்குவதாக அறிவித்தார்கள். ஆறு மாதம் அடி வாங்கிக்கொண்டு காத்திருந்தது, இரண்டாம் தரத்தில் ஒருவரை நான்கைந்து ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டிப்போடுவதைவிட மலிவாகவே முடிந்தது. 2018 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் கோல்கீப்பர் காரியஸின் தவறுகளால் ரியல் மாட்ரிட்டிடம் 1–3 எனத் தோற்ற பிறகு, நடுக்கள வீரர் கொட்டினோவை விற்ற பணம் கையில் இருக்க, புதிய கோல்கீப்பராக அலிசன் வந்தார். அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக், அதற்கடுத்த ஆண்டு 99 புள்ளிகளோடு முப்பதாண்டுக் காத்திருப்பைத் தீர்த்த லீக் பட்டம்.

கணக்கு வழக்கு சலிப்பூட்டும் விஷயம் என்றாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு வீரருக்குக் கொடுத்த விலை, அவருடைய ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்தே செலவாக எழுதப்படுகிறது. 8 கோடி பவுண்டுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால் ஆண்டுக்கு 1.6 கோடி, அதோடு சம்பளம். மேலாளர் பதினெட்டு மாதங்களில் போய்விடுவார். அவருக்காக வாங்கிய வீரர் அங்கேயே இருப்பார், அடுத்து வருபவரின் கையைக் கட்டிக்கொண்டு. அலெக்ஸ் ஃபெர்குசன் 2013-இல் ஓய்வு பெற்ற பிறகு மான்செஸ்டர் யுனைடெட்டில் மேலாளருக்கு மேலாளர் இதுதான் நடந்தது. போட்டி அணியின் ரசிகன் என்பதால் அதைப் பற்றி அதிகம் பேசாமல் விடுகிறேன். பேசினால் நிறுத்த மாட்டேன்.

2024 கோடையில் கிளாப் விடைபெற்று, நெதர்லாந்தின் ஃபெயனோர்ட் கிளப்பிலிருந்து ஆர்ன் ஸ்லாட் மேலாளராக வந்தபோது, ரசிகர்களின் பதற்றம் உச்சத்தில் இருந்தது. நடுக்களத்துக்கு விரும்பிய சுபிமெண்டி வர மறுத்துவிட்டார். அந்தப் பருவத்தில் ஆடுவதற்காக வந்த ஒரே வீரர் ஃபெடரிக்கோ கியேசா. அவரும் லீக்கில் மிகக் குறைவாகவே ஆடினார். புதிய மேலாளரை வெறுங்கையோடு களத்தில் இறக்கிவிட்டார்கள் என்ற கோபம் எங்கும் இருந்தது. ஸ்லாட்டோ, அதற்கு முந்தைய ஆண்டு அணியில் நிலையான இடமில்லாமல் இருந்த கிராவன்பெர்க்கைத் தற்காப்புக்கு முன்னால் நிறுத்தினார். ஆட்டத்தின் பரபரப்பைக் குறைத்து, பந்தைக் கையாளும் நிதானத்தைக் கூட்டினார். சலா 29 கோல்கள் அடித்து, 18 கோல்களுக்கு உதவினார். நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே, சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் டாட்டன்ஹமை 5–1 என வென்று லீக் பட்டத்தை உறுதி செய்தார்கள்.

நம் கேள்விக்குக் கறாரான சோதனை அதற்கடுத்த ஆண்டில்தான் வந்தது. 2025 கோடையில் ஃபுளோரியன் விர்ட்ஸுக்கு 10 கோடி பவுண்டு, அதற்கு மேல் நிபந்தனைத் தொகை. அலெக்ஸாண்டர் ஐசக்குக்கு 12.5 கோடி, அது பிரிட்டிஷ் சாதனை. எகிடிகே, கெர்கெஸ், ஃபிரிம்பாங் எனச் செலவு 40 கோடியைத் தாண்டியது. அலெக்ஸாண்டர்-ஆர்னால்ட், லூயிஸ் டியாஸ், நூன்யெஸ் ஆகியோர் வெளியேறினார்கள். அந்த ஜூலையில் அணியின் முன்கள வீரர் டியோகோ ஜோட்டா சாலை விபத்தில் இறந்தார். உடை மாற்றும் அறையில் அது உண்டாக்கிய துயரத்தை எந்த ஆட்டப் பகுப்பாய்வாலும் அளக்க முடியாது. அதன்பின் நடந்ததைப் பேசும் எவரும் முதலில் இதை நினைவில் வைக்க வேண்டும். லீக்கின் முதல் ஐந்து ஆட்டங்களையும் வென்ற அணி, பிறகு தொடர்ந்து தோற்றது. நவம்பரில் சொந்த மைதானத்தில் நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட்டிடம் 0–3, சில நாட்களில் சாம்பியன்ஸ் லீக்கில் நெதர்லாந்தின் பி.எஸ்.வி.யிடம் 1–4.

ஒரே கோடையில் இத்தனை பேரை மாற்றினால் ஒருவரின் ஓட்டத்தை மற்றவர் புரிந்துகொள்ளவே மாதங்கள் ஆகும் என்பது ஒரு காரணம். எனக்கு அதைவிட உறுத்துவது, கோடையில் வீரர்களை வாங்கும் அவகாசத்தின் கடைசி நாளான செப்டம்பர் 1 அன்று நடந்தது. அன்றுதான் ஐசக் வந்தார். அதே நாளில், கிறிஸ்டல் பேலஸின் நடுத் தற்காப்பு வீரர் மார்க் கேயியை வாங்கும் பேச்சு கடைசி நேரத்தில் முறிந்தது. அந்த மாதமே, புதிதாக வந்த இளம் தற்காப்பு வீரர் லியோனி தன் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயமடைந்து பருவம் முழுவதையும் இழந்தார். முன்களத்தில் ஏற்கெனவே ஆள் இருந்த இடத்துக்குச் சாதனை விலை கொடுத்துவிட்டு, வான் டைக்குக்குத் துணையாக ஒருவர் தேவைப்பட்ட இடத்தை அப்படியே விட்டார்கள்.

எனவே உங்கள் கிளப்புக்குப் புதிய மேலாளர் வந்தால், முதல் இரண்டு மூன்று மாதங்களில் யார் வந்தார் என்பதைவிட, போன ஆண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் யார் எழுந்து ஆடுகிறார் என்று பாருங்கள். பிறகு, அணி திரும்பத் திரும்பக் கோல் வாங்கும் இடம் எது என்று கவனித்து, ஜனவரியில் கிளப் தேடுவது அந்த இடத்துக்கான ஆளைத்தானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்று விடை கிடைத்தால், பட்டியலில் பெரிய பெயர் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் அந்த மேலாளர் மீது நம்பிக்கை வைக்கலாம்.