ஊசியும் நூலும்: கையால் தைத்துக் கொடுக்கும் பரிசுகள்

யுகாதி, சித்திரைப் பிறப்பு, விஷு ஆகிய மூன்றும் சில வார இடைவெளிக்குள் வந்துவிடுவதால், கேரள, ஆந்திர எல்லையோர ஊர்களிலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உறவினருக்குத் தைத்துக் கொடுக்கும் பரிசுகளைப் பற்றியே கேட்கின்றன. தைத்த பொருள் வாங்கியவரின் வீட்டில் அன்றாடம் புழங்க வேண்டும், பலமுறை துவைத்தாலும் பிரியக் கூடாது என்பதே என் கருத்து. ஆகவே பார்வைக்கு மட்டும் அழகாக இருக்கும் வேலைகளை விடுத்து, உழைக்கக் கூடிய எளிய பொருள்களையே இங்கே சொல்கிறேன்.

கேள்வி: என் மாமியாரின் பழைய கசவு முண்டுகள் (சரிகைக் கரை போட்ட கேரள வேட்டிகள்) நடுவில் நைந்துவிட்டன, கரை மட்டும் புதிதுபோல் மின்னுகிறது. விஷு அன்று பிள்ளைகளுக்குக் கைநீட்டம் கொடுக்க அவற்றிலிருந்து சிறு சுருக்குப்பைகள் தைக்கலாமா? எந்த அளவில் வெட்ட வேண்டும்?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: தாராளமாகத் தைக்கலாம். கைநீட்டம் வாங்கும் பிள்ளைக்குக் காசு ஒரு வாரத்தில் செலவாகிவிடும்; பாட்டியின் முண்டிலிருந்து வந்த பை பல ஆண்டுகள் இருக்கும். புதுத் துணியை விடப் பழைய முண்டு இதற்கு ஏற்றது. பலமுறை துவைத்த பருத்தி சுருங்க வேண்டிய அளவுக்கு ஏற்கெனவே சுருங்கியிருக்கும் என்பதால், தைத்த பிறகு பை கோணிப் போகாது.

வெட்டுவதற்கு முன் துணியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். நைந்த இடங்கள் மெல்லிய சல்லடைபோலத் தெரியும். அவற்றை விலக்கிவிட்டு, கரையை ஒட்டிய உறுதியான பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பைக்கு 6 அங்குல அகலமும் 8 அங்குல உயரமும் உள்ள இரண்டு துண்டுகள் தேவை. இரண்டையும் ஒரே கரையில் அடுத்தடுத்து வெட்டினால், இரண்டிலும் கசவு பையின் வாய்ப்பக்கத்தில் அமையும். நெய்த விளிம்பு பிரியாது என்பதால் அந்தப் பக்கத்தை மடித்துத் தைக்க வேண்டியதில்லை. அப்படியே விட்டால், நாடாவை இழுக்கும்போது கசவு மேலே பூவிதழ் விரிந்ததுபோல் நிற்கும்.

நாடா ஓடும் வழியைக் கசவின் மேலேயே அமைப்பது பலரும் செய்கிற வேலை; அது வேண்டாம். சரிகை விறைப்பாக இருப்பதால் வாய் சரியாகச் சுருங்காது, நாடா உரசி உரசிச் சரிகையும் உதிர்ந்துவிடும். கசவு முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒவ்வொரு துண்டின் உள்பக்கத்திலும், ஓர் அங்குல அகலமுள்ள பருத்திப் பட்டையை வைத்து அதன் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தைத்துவிடுங்கள். பட்டை இரு பக்கமும் அரை அங்குலம் உள்ளடங்கி, முனை மடிக்கப்பட்டு நிற்கட்டும். பிறகு இரண்டு துண்டுகளின் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, அரை அங்குலம் விட்டு இரு பக்கமும் அடியும் தைக்க வேண்டும். பட்டை வரும் இடத்தில் மட்டும் இரு பக்கத்திலும் தைக்காமல் விடுங்கள். அந்தத் திறப்பின் மேலும் கீழும் இரண்டு மூன்று முறை முன்பின்னாகத் தைத்து உறுதி செய்யாவிட்டால், பிள்ளைகள் இழுக்கும் இழுப்பில் முதலில் பிரிவது அந்த இடம்தான். உள்ளே தெரியும் வெட்டு விளிம்புகளைக் கையாலேயே சுற்றுத் தையல் போட்டு அடக்கிவிடலாம்.

நாடாவுக்கு 16 அங்குல நீளமுள்ள இரண்டு கயிறுகள் போதும். ஒன்றை இடப்பக்கத் திறப்பில் நுழைத்துப் பையை முழுதாகச் சுற்றி அதே திறப்பில் வெளியே எடுங்கள். மற்றொன்றை வலப்பக்கத்திலிருந்து அதேபோல் கோத்துவிடுங்கள். பாவாடைக்கு நாடா கோப்பதுபோல் முனையில் ஊக்கைக் குத்திக்கொண்டால் வேலை எளிது. இரண்டு கயிறுகளையும் எதிரெதிராக இழுத்தால் வாய் இறுக மூடும்.

கசவைப் பற்றி இன்னும் சில வார்த்தைகள். இயந்திரத்தில் 11 ஆம் எண் ஊசியைப் புதிதாகப் பொருத்துங்கள். முனை மழுங்கிய ஊசி சரிகை இழைகளை இழுத்துவிடும். சரிகையில் தைத்ததைப் பிரித்தால் துளை மறையாது என்பதால், குண்டூசியைக்கூடக் கரையில் குத்தாமல் வெள்ளைப் பகுதியில் குத்துங்கள். இஸ்திரி போடும்போது பையைப் புரட்டி, மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து, மிதமான சூட்டில் தேய்க்க வேண்டும். இக்காலத்துச் சரிகைகளில் பல செயற்கை இழையில் செய்யப்பட்டவை. அதிகச் சூட்டில் அவை சுருண்டுவிடும்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் விசைத்தறித் துணியின் வெட்டுத் துண்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. யுகாதிக்கு ஊருக்குப் போகும்போது அக்காவுக்கும் அத்தைக்கும் அடுப்படிக்கான பிடிதுணி தைத்துக்கொண்டு போக நினைக்கிறேன். எந்தத் துணியும் சரியாக இருக்குமா?
– வாசகி, நகரி

பதில்: எந்தத் துணியும் சரியாக இருக்காது, சகோதரி. இந்த ஒரு பொருளில் மட்டும் துணியின் வகையைச் சோதிக்காமல் தைக்கவே கூடாது. வெட்டுத் துண்டுகளில் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்தே வரும்; பார்வையிலும் தொடுவதிலும் சில சமயம் வேறுபாடு தெரியாது. துணியின் ஓரத்திலிருந்து நீளவாட்டில் ஓர் இழையும் குறுக்குவாட்டில் ஓர் இழையும் உருவி, இடுக்கியில் பிடித்துத் தனித்தனியே நெருப்பில் காட்டுங்கள். பருத்தி இழை காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, விரலால் தொட்டால் பொடியாகும் சாம்பலை விடும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணிபோல் நிற்கும். நீள இழை பருத்தியாக இருந்து குறுக்கிழை உருகினாலும் அந்தத் துண்டு அடுப்படிக்கு ஆகாது. கடுஞ்சூடான பாத்திரத்தின் விளிம்பில் அது உருகிக் கையில் ஒட்டினால் புண் ஆழமாகிவிடும்.

துணி பருத்தி என்று உறுதியானதும், 8 அங்குலச் சதுரமாக இரண்டு துண்டுகள் வெட்டி, நடுவில் பழைய துருக்கித் துண்டை (டர்க்கி டவலை) இரண்டு மடிப்பாக வையுங்கள். தலையணைக்கு அடைக்கும் செயற்கைப் பஞ்சு வேண்டாம். மூலைக்கு மூலை குறுக்கும் நெடுக்கும் தைத்தால் உள்துணி ஒருபுறமாக ஒதுங்காது; அதற்கு 16 ஆம் எண் ஊசி தேவைப்படும். நூலும் பருத்தி நூலாகவே இருக்கட்டும். ஒரு மூலையில் மாட்டுவதற்கு வளையம் வைக்க மறவாதீர்கள். ஈரமான பிடிதுணியில் சூடு சட்டென்று கைக்கு ஏறிவிடும் என்பதால், அது தொங்கிக் காய்ந்துகொண்டிருக்க வேண்டும் என்பதை அக்காவிடமும் சொல்லிக் கொடுங்கள்.

சிவப்பு, கருநீலத் துண்டுகளை முதலில் தனியே நனைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால், ஒட்டாமல் போகும் வரை அலசுங்கள். உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நம்பி வெளிர்நிறத் துணியோடு சேர்த்துத் தைத்துவிட வேண்டாம்.

கேள்வி: நான் ஏழாம் வகுப்புப் படிக்கிறேன். எங்கள் வீட்டில் தையல் இயந்திரம் இல்லை. புனலூரில் இருக்கும் ஆச்சிக்கு விடுமுறையில் போகும்போது என் கையால் ஏதாவது தைத்துக் கொடுக்க ஆசை. என்ன தைக்கலாம்?
– மாணவன், செங்கோட்டை

பதில்: ஆச்சி கண்ணாடி போடுபவராக இருந்தால், தம்பி, மூக்குக்கண்ணாடிக்கு ஓர் உறை தைத்துக் கொடு. வெளிப்பக்கத்துக்குக் கொஞ்சம் தடித்த பருத்தித் துணியும், உள்பக்கத்துக்குப் பழைய பனியன் துணியும் எடுத்துக்கொள். பனியன் துணி மென்மையாக இருப்பதால் கண்ணாடியில் கீறல் விழாது. இரண்டையும் 9 அங்குல அகலத்திலும் 8 அங்குல உயரத்திலும் வெட்டி, நல்ல பக்கங்கள் சேரும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வாய் வரவேண்டிய ஓரத்தை மட்டும் தைத்து, துணிகளை விரித்து, உள்துணி பின்னால் போகும்படி திருப்பிவிடு. பிறகு வெளித்துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு அகலத்தைப் பாதியாக மடித்து, அடியையும் பக்கத்தையும் தைத்துத் திருப்பினால் உறை தயார்.

சாதாரண ஓட்டுத் தையல் இதற்குப் போதாது. ஓர் இடத்தில் நூல் அறுந்தால் வரிசையே உருவிக்கொண்டு வரும். ஊசியை ஒரு தையல் தூரம் முன்னே எடுத்து, மறுபடி முந்தைய தையல் முடிந்த துளையிலேயே இறக்கும் பின் தையலைப் போடு. பென்சிலால் மெல்லிய கோடு போட்டுக்கொண்டு, ஓர் அங்குலத்துக்கு எட்டுத் தையல் வருமாறு நிதானமாகத் தைத்தால், இயந்திரத் தையலுக்கு அது எவ்விதத்திலும் குறைந்ததல்ல. நூலை முழங்கை நீளத்துக்கு மேல் எடுக்காதே. நீள நூல் முறுக்கிக்கொண்டு முடிச்சு விழும்.

கேள்வி: தைப்பதற்குப் பதிலாகப் பசையால் ஒட்டிவிட்டால் நேரம் மிச்சமாகுமே?
– வாசகி, ஊத்துக்கோட்டை

பதில்: வாழ்த்து அட்டைக்கும் சுவரில் மாட்டும் அலங்காரத்துக்கும் ஒட்டலாம். துவைக்க வேண்டிய எதற்கும் வேண்டாம். காகிதத்துக்கான வெள்ளைப் பசை தண்ணீரில் இளகிவிடும், சூட்டில் உருக்கி ஒட்டும் பசை இஸ்திரியில் மறுபடி உருகிவிடும்.

கேள்வி: பாறசாலையில் இருக்கும் தங்கைக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. பூ வேலை செய்து, மணி கோத்த சிறு தலையணையும் மெத்தையும் தைத்துக் கொடுக்கலாமா?
– வாசகி, களியக்காவிளை

பதில்: உங்கள் ஆசை புரிகிறது, ஆனாலும் இந்த இரண்டையும் தவிர்க்கச் சொல்வேன். ஒரு வயது நிறையாத குழந்தை உறங்கும் இடத்தில் தலையணையோ மெத்தென்ற பொருள்களோ இருக்கக் கூடாது. முகம் அதில் புதைந்தால் மூச்சு முட்டிவிடும். மணி, பொத்தான், ரிப்பன் எதுவும் வேண்டாம். எவ்வளவு அழுத்தித் தைத்தாலும் ஒருநாள் கழன்று வாய்க்குள் போய்விடும்.

அதற்குப் பதிலாக, நன்றாக நைந்து மென்மையான நாலு முழ வேட்டியைக் கொதிநீரில் அலசி வெயிலில் உலர்த்தி, 36 அங்குலச் சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் மெல்லியதாக மடித்துத் தையுங்கள். குளிப்பாட்டியதும் துடைக்கவும், மடியில் விரிக்கவும், வெயிலுக்கு மறைக்கவும் அதைப் போல வேறு துணி கிடையாது. அழகுக்கு ஒரு மூலையில் மட்டும் சங்கிலித் தையலில் சிறிய கிளையொன்று போடுங்கள். பின்பக்கம் முடிச்சு போடாமல், நூலின் முனையைத் தையல்களுக்கு அடியில் ஓட்டி மறைத்துவிடுங்கள். முடிச்சின் நெருடல் அந்தப் பிஞ்சுத் தோலில் சிவந்து தடித்துவிடும். மீதித் துணியில் ஒன்பது அங்குலச் சதுரங்களாக ஆறேழு வெட்டி, வாய் துடைக்கும் துண்டுகளாக இரட்டை மடிப்பில் தைத்து, அந்தப் பெரிய துணியிலேயே மடித்துக் கட்டிக் கொடுங்கள். இரண்டு மாதக் குழந்தை வீட்டில் தங்கைக்கு ஒவ்வொரு நாளும் அவைதான் தேவைப்படும்.